ஜனாபா மாமி வாசலில் செருப்பு விடுவதில்லை

"ஜனாபா மாமி படியேறுனா மூணாம் நாளு அந்த வீட்டுக்கு சந்தூக்கு வருதாம்லே" என்றான் எங்கள் ஊர் அசன் மைதீன். தோஹாவில், ஒரு வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டின்போது. அவனுக்கு அவன் பெண்டாட்டி சொன்னது. அவளுக்கு யார் சொன்னார்களோ. சந்தூக்கு என்பது மையித்தை, இறந்தவர் உடலைத் தூக்கிப்போகப் பள்ளிவாசலிலிருந்து வரும் பெட்டி.

"போலே, நம்ம ஊருல நாய் கொலைச்சாக்கூட அதுக்கு ஒரு கதை சொல்லுவாவ" என்று சிரித்தேன். வீரவநல்லூரைத் தாண்டி ஆற்றோரம் இருக்கும் எங்கள் ஊரில் என் அக்கா, தஸ்மியா லாத்தா, அப்போது படுத்த படுக்கையாக இருந்தாள்.

மார்பில் கட்டி வந்ததை லாத்தா எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. உடைந்து புண்ணான பிறகுதான் உம்மாவுக்கே தெரியும். திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனார்கள். இனி அறுக்க முடியாது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று லாத்தாவின் புருஷனுக்குக் கேட்கத் தெரியவில்லை. அக்கம்பக்கத்தில் மூட்டுவலி என்று உம்மா சொல்லிவைத்தாள்.

ஜனாபா மாமி எங்களுக்கு உறவில்லை. ஊரே அவளை மாமி என்றுதான் கூப்பிடும். பெண் மையித்துகளைக் குளிப்பாட்டுகிறவள். புருஷன் இறந்தபோது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. பீடி சுற்றி மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்தாள். அதுவரை குளிப்பாட்டிவந்த மாமியாருக்குக் கை நடுங்க ஆரம்பித்ததும் குளிப்பாட்டும் வேலை அவளிடம் வந்தது. இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய வெந்நீர், கற்பூரம், மூன்று தடவை தண்ணீர். மையித்தின் உடம்பில் கண்டதை வெளியே சொல்லக்கூடாது என்பது முறை. மாமி இருபது வருஷம் சொல்லவில்லை.

அதனால்தான் எங்கள் ஊரில் பெண்கள் காமாலையில் செத்தார்கள், சூட்டில் செத்தார்கள், கண்ணேறில் செத்தார்கள். எத்தனை பேர் மார்பில் மஞ்சளும் காப்பித்தூளும் அப்பி, மேலே மூன்று துணி சுற்றிச் செத்தார்கள் என்பது மாமி ஒருத்திக்குத்தான் தெரியும்.

நான்கு வருஷத்துக்கு முன் இருபத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தியைக் குளிப்பாட்டிவிட்டு வந்தவள், மறுநாள் பாபநாசத்திலிருந்து வரும் பஸ்ஸில் ஏறித் திருநெல்வேலிக்குப் போனாள். வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்கும் நர்ஸ் பிருந்தாவைத் தேடிப் பிடித்தாள். செத்தவள் பெயரைச் சொல்லவில்லை. "உயிரோட இருக்கப்பவே கழுவணும்னா எப்படிக் கழுவணும் தாயி?" என்று மட்டும் கேட்டாளாம்.

பிருந்தா சொல்லிக்கொடுத்தார். உப்புத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றிக் கழுவ வேண்டும். வயிற்றுப்போக்குக்குத் தரும் ஒரு மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவினால் இரண்டு மூன்று நாளில் வாடை அடங்கும். வலிக்கான மாத்திரை எங்கள் பக்கத்துக் கடைகளில் கிடையாது. டாக்டர் சீட்டைக் கொண்டுபோய்த் திருநெல்வேலியில்தான் வாங்க வேண்டும். அதற்கும் மாமிதான் பஸ் ஏறினாள். இப்படிக் கழுவப் போகிற வீடுகளுக்குப் பின்பக்க முடுக்கு வழியாகத்தான் போவாள். செருப்பைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொள்வாள். வாசலில் அவள் செருப்பைக் கண்டால் தெருவே துக்கம் கேட்க வந்துவிடும்.

எங்கள் வீட்டுக்கு யாரும் அவளைக் கூப்பிடவில்லை, அவளாகத்தான் வந்தாள். அதற்கு முந்தின மாதம் ஒரு கல்யாண வீட்டில் லாத்தா அத்தரை அள்ளிப் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்த மாமி அத்தருக்கு அடியில் இருந்த வாடையைப் பிடித்துவிட்டாள்.

அசன் மைதீன் அந்தக் கதையைச் சொல்லி நான்கு நாள்தான் இருக்கும். உம்மா போனில் கூப்பிட்டாள். பதறிய குரல்.

"ஏலே யஹ்யா, ஜனாபா வந்து அடுப்பங்கரை வாசல்ல நிக்கா. உள்ள விடவா, வேண்டாமா?"

பின்னாலிருந்து மாமியின் குரல் கேட்டது. "ஏ ஜொகரா, உயிரெடுக்க வார மலக்குல் மவுத்தக் கண்ட மாதிரி ஏன் முழிக்கே? அவரு வந்தா உங்கிட்டயா கேட்டுட்டு வருவாரு? நான் முட்டிவலியோட நடந்துல்லா வந்திருக்கேன். மையித்துக்கு வரலட்டி, பிள்ளையப் பாக்க வந்திருக்கேன்."

நான் இரண்டு மொழியில் படித்தவன். நோயின் பெயரைப் போட்டு எத்தனையோ பக்கங்களை ஆங்கிலத்தில் வாசித்திருந்தேன். ஆனாலும் என் வாயில் வந்தது, "வேண்டாம்மா, பைய சொல்லி அனுப்பிருங்க" என்பதுதான்.

மாமி ஒரு பொட்டலத்தைத் திண்டில் வைத்துவிட்டுப் போனாளாம். உம்மா அதைக் குச்சியால் தள்ளிச் சாக்கடையில் போட்டாள்.

பத்து நாள் கழித்து, இன்று ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து பார்த்தால் லாத்தாவின் வாய்ஸ் மெசேஜ். மூச்சுக்கு நடுவில் பேசியிருந்தாள்.

"யஹ்யா, நீதான் மாமிய வேண்டாம்னியாமே? மவுத்துக்குப் பயமில்லல. எம்மவ அஃப்ரா எம்பக்கத்துல வர மாட்டேங்கா. மூக்கப் பொத்திக்கிட்டு வாசல்ல நின்னு பாக்கா. ஆறு வயசுப் பிள்ள, அவ என்ன செய்வா? எனக்கு அந்த வாடை மட்டும் போனாப் போதும். ஒரு நாளு அவ எங்கூடப் படுத்துக் கெடக்கணும்."

ஊரில் இரண்டு பேரிடம் விசாரித்துப் பிருந்தாவின் நம்பரை வாங்கினேன். முப்பத்தாறு ஊருக்கு ஒரே வண்டி. எங்கள் ஊருக்கு அடுத்த முறை வர இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது.

"அதுவரைக்கும் ஜனாபாம்மாவக் கூப்பிடுங்க சார். சீட்டுக்கு நான் ஏற்பாடு பண்ணுதேன், மாத்திர அவங்க வாங்கிட்டு வருவாங்க. கட்டும் அவங்கதான் மாத்தணும். அங்க வேற யாரு இருக்கா?"

மூன்றாம் நாள் கதையை அவரிடம் சொன்னேன்.

"கடைசி மூணு நாள்லதான சார் அவங்கள உள்ளயே விடுதாங்க" என்றார்.

மாமியின் நம்பரைக் கொடுத்துவிட்டு, "எடுக்கலன்னா விட்டுறாதீங்க. குளிப்பாட்டப் போனா போனை வெளிய பையில போட்டுட்டுத்தான் போவாங்க, அந்தச் செருப்போட. முடிச்சுட்டுப் பாப்பாங்க" என்றார்.

ஊரில் இப்போது மணி நாலரை. முதல் தடவை முழுக்க அடித்து ஓய்ந்தது. இரண்டாம் தடவையும். மன்னிப்பை முதலில் கேட்பதா, வரச்சொல்லி முதலில் கேட்பதா என்று யோசித்து வைத்திருந்தது கலைந்துபோயிற்று. மாமி எங்கேயோ ஒரு வீட்டுக்குள் இருக்கிறாள். யார் வீடு என்று உம்மாவைக் கூப்பிட்டால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். உம்மாவின் பெயர்மேல் விரலை வைத்துவிட்டு, மாமி சொல்லாததை நான் எதற்குக் கேட்க என்று எடுத்துவிட்டேன்.

மூன்றாம் தடவை மாமியின் நம்பரையே அழுத்தினேன். ஏதோ ஒரு சுவரோரம், பைக்குள், அவள் செருப்புக்குப் பக்கத்தில் அது அடித்துக்கொண்டிருக்கிறது.