வகுப்பே திரும்பிப் பார்த்த மாணவன்

இன்று கல்லூரி ஆங்கில வகுப்பில், அந்தக் காலத்து வெள்ளைக்காரர் ஒருவர் எழுதிய ஆப்பிரிக்க ஆற்றுப் பயண நாவலை நடத்தினேன். கரையில் நிற்கும் கறுப்பின மக்களை மிருகங்கள் போல வர்ணிக்கும் பக்கம். வாசிக்க வாசிக்க, மொத்த வகுப்பும் கென்யாவிலிருந்து வந்து படிக்கும் மாணவனைத் திரும்பிப் பார்த்தது.

நானும் சும்மா இருக்காமல், "உனக்கு என்னப்பா தோணுது?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"மேம், நான் நைரோபிக்காரன். அந்த ஆற்றைப் பார்த்ததே இல்லை."

எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

மணி அடித்ததும் வந்தான். "இந்த நாவல் முடியறவரைக்கும் நான் வரலை மேம். அட்டெண்டன்ஸ் மட்டும் போட்டுடுங்க, ப்ளீஸ்."

மைசூரில் நான் படித்த பள்ளியில், காவிரிப் பேச்சு வந்தாலே எல்லோரும் தமிழ்ப் பெண்ணான என்னைத்தான் பார்ப்பார்கள். ஜூனில் என் மகள் எல்கேஜி சேர்கிறாள்; எந்தப் பேச்சு வரும்போது அவளைத் திரும்பிப் பார்ப்பார்களோ.

அட்டெண்டன்ஸ் போடுவது சுலபம். அவனை உட்காரவைத்து இந்த நாவலை நடத்தத் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து பெஞ்சில் உட்காருகிறேன்.