என்மேல் மச்சான் எழுதிய பழுது

விமானத்துக்கு ஸ்பேனர் பிடித்த கை இது என்று நான் சொல்லாத ஆள் நாமக்கல்லில் கிடையாது. சொன்னால் என்ன தப்பு? பதினைந்து வருஷம் விமானப்படையில் ஃபிட்டராக இருந்தவன் நான். நான் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பைலட் ஏணியில் கால் வைப்பார். எழுபதுகளின் கடைசியில் பென்ஷனோடு எருமப்பட்டிக்குத் திரும்பினேன். காட்டைப் பாரு, மாட்டைப் பாரு என்றார்கள். மாட்டுக்கும் எனக்கும் முதல் வாரமே ஒத்துவரவில்லை. நாமக்கல்லில் ஒரு பஸ் முதலாளி, ஒர்க்‌ஷாப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடிக்கொண்டிருந்தார். போய்ச் சேர்ந்துகொண்டேன்.

வண்டி வேலையில் இரண்டு வகை உண்டு. ஆயில் மாற்றுவது, கிரீஸ் வைப்பது, பிரேக் லைனிங் பார்ப்பது எல்லாம் இத்தனை கிலோமீட்டருக்கு ஒருதரம் என்று தேதி சொல்லி வரும் வேலை. அதைக் குழந்தைகூடச் செய்துவிடும். தேதி சொல்லாமல் வருவதுதான் ஆளைத் தின்பது. ஓடும்போது ஒரு சத்தம், ஒரு இழுப்பு, ஒரு வாசனை. அதை முதலில் உணர்கிறவன் ஓட்டுகிறவன். அவன் வாயைத் திறந்தால்தான் நமக்குத் தெரியும்.

விமானத்தில் இதற்கு ஒரு புத்தகம் இருந்தது. தரையிறங்கியதும் பைலட் அதில் எழுத வேண்டும். பழுது இருந்தால் பழுது, இல்லாவிட்டால் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்து. வெறுமனே விட்டுவிட்டுப் போக முடியாது. எழுதிய பழுதை யாரும் அடிக்க முடியாது, சரிசெய்துதான் மூட வேண்டும். சரிசெய்தவனே மூடவும் கூடாது, இன்னொருத்தன் வந்து கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். நான் அதே மாதிரி ஒரு நோட்டுப் போட்டு ஒர்க்‌ஷாப் வாசலில் கட்டித் தொங்கவிட்டேன்.

மூன்று மாதம் அந்த நோட்டில் ஒரு எழுத்து விழவில்லை. எங்கள் பக்கத்து மனுஷனைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. வண்டி எப்படி இருக்குது என்று கேட்டால், "நல்லாருக்குதுங்க" என்பான். கிளம்பும்போது, கால் செருப்பில் நுழைந்த பிறகு, "லேசா ஒரு பக்கமா இழுக்கற மாதிரிங்க, ஒண்ணுமில்லீங்க" என்பான். அதையும் ஃபிட்டர் காதில் விழாமல் சொல்வான். ஏன் என்று விசாரித்தபோதுதான் விஷயம் விளங்கியது. நோட்டில் எழுதினால் அது வண்டிமேல் எழுதியதாக ஆகாதாம், கடைசியாக அதில் கைவைத்த ஃபிட்டர்மேல் எழுதியதாகுமாம். ஃபிட்டரோ இவனுக்குப் பங்காளி, இல்லாவிட்டால் சம்பந்தி. "எம்மேல எழுதிப் போட்டுட்டானுங்க" என்று ஒருத்தன் கல்யாண வீட்டில் பந்தியை விட்டே எழுந்து போயிருக்கிறான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கத்திப் பார்த்தேன், நல்லவிதமாகவும் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் வேலைக்கு ஆனது அந்த 'இல்லை'தான். பழுது எழுதாவிட்டால் பரவாயில்லை சாமி, பழுது இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போ என்றேன். அங்கேதான் மாட்டினார்கள். வாயால் ஒண்ணுமில்லீங்க என்று சொல்லத் தயங்காதவன், அதே பொய்க்குக் கையெழுத்துப் போட நடுங்கினான். ஒவ்வொருத்தராக எழுத ஆரம்பித்தார்கள்.

எண்பதுகளின் நடுவில் முதலாளி ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். எதற்கு வாங்கினோம் என்று அவருக்கே தெரியாது, சேலத்தில் யாரோ வாங்கிவிட்டார்களாம். அதை ஏசி அறையில் வைத்துப் பொட்டு வைத்தார். உள்ளே போகிறவர்கள் செருப்பை வெளியே கழற்றினார்கள். நான் அதைப் பார்த்துப் பார்த்து யோசித்தேன். என் பழுது நோட்டு இதற்குள் போனால் எப்படி இருக்கும்? வாரம் மூன்று நாள் சேலத்துக்குப் பஸ் ஏறினேன். ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில், என் மகள் வயசுப் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். அங்கிள், அங்கிள் என்று அதுகள் என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. ஆனால் பாதி வகுப்பு முடிவதற்குள் அதுகளுக்குச் சந்தேகம் தீர்த்தவன் இந்த அங்கிள்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

நானே எழுதினேன் அந்த புரோகிராமை. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. நோட்டுக்குப் பதில் டிரைவர்கள் துண்டுச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவதை நான் தங்கிலீஷில் தட்டி ஏற்றுவேன். ஒவ்வொரு பழுதுக்கும் ஒரு நம்பர் விழும். எந்த வண்டி, எந்த நாள், யார் சொன்னது, யார் செய்தது, யார் சோதித்தது என்று எல்லாம் நிற்கும். ஸ்டியரிங், பிரேக் இரண்டிலும் மூடாத பழுது இருந்தால் அந்த வண்டிக்கு டிரிப் ஷீட் அச்சாகாது. டிரிப் ஷீட் இல்லாமல் வண்டி கேட்டைத் தாண்டாது. செய்தவன் பெயரும் சோதித்தவன் பெயரும் ஒன்றாக இருந்தால் மெஷின் பீப் என்று கத்தும். கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் இதை ஓட்டிக் காட்டினேன். வெளியூர் முதலாளிகள் வந்து செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பார்த்தார்கள்.

இப்போது, சொல்ல வந்த அந்தக் காலைப் பொழுதுக்கு வருகிறேன்.

ஏழாம் நம்பர் வண்டி கொல்லிமலைக்குப் போவது. அதை ஓட்டியது என் மச்சான், என் மனைவிக்கு அண்ணன். நான் அந்தக் கம்பெனியில் சேரும் முன்பே அங்கே டிரைவராக இருந்தவர். என்னைவிட நாலு வயசு மூத்தவர், ஆனாலும் வீட்டு மாப்பிள்ளை என்று எனக்கு நாற்காலி போட்டுவிட்டுத் தான் பாயில் உட்காருகிறவர். முந்தின நாள் மத்தியானம் அந்த வண்டியில் ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் ராடின் மூட்டு தேய்ந்திருந்தது என் கண்ணில் பட்டது. ஃபிட்டர்கள் எல்லாரும் வேறு வண்டியில் இருந்தார்கள். நானே படுத்து மாற்றினேன்; யாரும் எழுதி வந்த பழுதல்ல என்று மெஷினிலும் ஏற்றவில்லை, இன்னொருத்தனைச் சோதிக்கவும் விடவில்லை. எத்தனை வருஷத்துக்கு அப்புறம் கையில் கிரீஸ்! ஏகப்பட்ட சந்தோஷம். சாயங்காலம் மச்சான் அதே வண்டியை எருமப்பட்டிக்கு ஒரு நடை ஓட்டிவிட்டு வந்தார்.

காலையில் நான் வந்து சீட்டுகளை எடுத்தால், ஏழாம் நம்பர் சீட்டில் அவருடைய சாய்ந்த கையெழுத்து. இடது பக்கம் முழுசாகத் திருப்பினால் ஸ்டியரிங்கில் டக்கென்று ஒரு சத்தம். கீழே கையெழுத்து.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் வேலையிலா? தட்டி ஏற்றினேன். நேரே போய் வண்டியில் ஏறி ஸ்டியரிங்கை இடதும் வலதும் திருப்பினேன். ஒரு சத்தமும் இல்லை. இறங்கிக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. நான் பூட்டியதைக் குனிந்து வேறு பார்க்க வேண்டுமாக்கும் என்ற திமிர். ஏசி அறைக்குத் திரும்பி மச்சானைக் கூப்பிட்டனுப்பினேன். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார்.

நான் பார்த்துவிட்டேன், ஒரு சத்தமும் வரவில்லை என்றேன்.

"நின்ன வண்டீல வராதுங்க மாப்பிள்ளை. ஆளேறி ஓடறப்ப வருதுங்க."

ஊரில் இத்தனை ஃபிட்டர் இருக்க உங்களுக்கு என் வேலைதான் கிடைத்ததா, இது உங்கள் தங்கச்சிக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று என்னென்னமோ கேட்டேன். கேட்கக் கேட்க எனக்கே கேவலமாக இருந்தது, ஆனால் வாய் நிற்கவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டுதான் நின்றார். ஆனால் சீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

"எழுதாம உட்டா இல்லைன்னு கையெழுத்துப் போடோணுமுங்க. மாப்பிள்ளைக்காகப் பொய்க் கையெழுத்துப் போடச் சொல்றீங்களா?"

நான் திரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அவர் வெளியே போய் நின்றுகொண்டார்.

அன்றைக்குக் கொல்லிமலைமேல் சோளக்காடு என்ற ஊரில் சந்தை. பஸ் ஸ்டாண்டில் ஏழாம் நம்பருக்கு மூட்டை முடிச்சோடு ஜனம் நிற்கிறது. மாற்று வண்டி கிடையாது, முகூர்த்த நாள் என்று எல்லாம் கல்யாணத்துக்குப் போயிருந்தது. முதலாளி போன் செய்தார். நீதான் பார்த்துட்டியே, சரின்னு போட்டு அனுப்பு என்றார். அப்படிப் போட்டால், செய்தவனும் சோதித்தவனும் ஒரே ஆள் என்று மெஷின் கத்தும். ஆனால் புரோகிராம் எழுதியவன் நான். டெலீட் என்று ஒரு வார்த்தை தட்டினால் அடித்துவிடும், பேக் என்று இன்னொரு வார்த்தை தட்டினால் தடமே இல்லாமல் துடைத்துவிடும். அந்தப் பழுது பிறக்கவே இல்லை என்று ஆகிவிடும். உலகத்தில் யாருக்கும் தெரியாது.

முதல் வார்த்தையைத் தட்டியும்விட்டேன். எண்டர் மட்டும்தான் பாக்கி.

நல்லவன் என்பதால் நிறுத்தினேன் என்று சொன்னால் பொய். கண்ணாடிக்கு வெளியே மற்ற டிரைவர்கள் நின்றார்கள். விஷயம் பரவியிருந்தது. மாப்பிள்ளை, மச்சான் எழுதியதை என்ன செய்யப்போகிறார் என்று பார்க்க வந்த கூட்டம் அது. இதை அழித்தால் நாளைக் காலையிலிருந்து எல்லாச் சீட்டிலும் 'இல்லை'தான் வரும். அவர்கள் கையெழுத்தை நடுங்காமல் போடப் பழகிவிடுவார்கள். இத்தனை வருஷம் நான் கத்தியதெல்லாம் குப்பைக்குப் போகும். அந்தப் பயத்தில்தான் தட்டிய டெலீட்டை அழித்துவிட்டுத் தலைமை ஃபிட்டரைக் கூப்பிட்டேன். என் வேலையைச் சோதி என்றேன். நானுங்களா, உங்க வேலையையா என்று அவன் பின்வாங்கினான். போடா என்று தள்ளிவிட்டேன்.

நேற்று வேலைக்குப் போட்டுக் கழற்றி மாட்டிய என் காக்கிச் சட்டையை ஆணியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு வண்டிப் பக்கத்தில் போய் நின்றேன். அவன் கீழே படுத்திருந்தான். ஒவ்வொரு மூட்டாகத் தட்டிப் பார்த்தான். அப்புறம் மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "பின்னு இல்லீங்க" என்றான்.

அந்த மூட்டில் ஒரு நட்டு வரும். அது சுழன்று கழன்றுவிடாமல் இருக்க, குறுக்கே ஒரு சின்னக் கம்பியை நுழைத்து இரண்டு காலையும் மடக்கிவிட வேண்டும். அதுதான் அந்தப் பின். அது இல்லாமல் நட்டு ஒரு நடையிலேயே பாதி கழன்று வந்திருந்தது. என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. புதுப் பின், மடக்காத இரண்டு காலோடு, அங்கே இருந்தது. நேற்று நட்டை முறுக்கிவிட்டுப் பின்னைக் கையில் எடுக்கும்போது போன் வந்தது. பையில் போட்டுக்கொண்டு போனேன். பேசிவிட்டு வந்து கையைத் துடைத்தேன். அவ்வளவுதான்.

பதினைந்து வருஷத்தில் ஒரு பின்கூட விடாத கை என்று ஊரெல்லாம் சொன்ன கை.

ஃபிட்டர் பூட்டினான், நான் பார்த்தேன். இந்தமுறை அவன் செய்தவன், நான் சோதித்தவன். மெஷினில் காரணம் என்ற இடத்தில், பின் போடவில்லை என்று தட்டி, யார் என்ற இடத்தில் என் பெயரைத் தட்டினேன். அதற்குள் வந்துவிட்ட முதலாளி என் முதுகுக்குப் பின்னால் நின்று படித்தார். இதைப் போட்டே ஆகணுமா என்றார். ஆமாங்க என்றேன். டிரிப் ஷீட் அச்சாகி வந்தது.

விமானப்படையில் ஒரு வழக்கம். பெரிய வேலை பார்த்த விமானம் முதலில் பறக்கும்போது, வேலை பார்த்தவனையும் உள்ளே ஏற்றிக்கொள்வார்கள். நான் யாரும் சொல்லாமலே ஏழாம் நம்பரில் ஏறினேன். பஸ் ஸ்டாண்டில் கூட்டம் திமுதிமுவென்று ஏறியது. வெங்காய மூட்டை, கருவாட்டுக் கூடை, அலுமினியப் பாத்திரக் கட்டு. டிரைவர் சீட்டுக்குப் பின் சீட்டில் எனக்கு அரை இடம் கிடைத்தது. அடிவாரத்துக் காரவள்ளி தாண்டி ஏற்றம் தொடங்கியதும், நின்றுகொண்டு வந்த ஒரு பெண் பிடிக்கக் கை வேண்டும் என்று தன் குழந்தையை, செத்த வெச்சுக்குங்க சாமி என்று என் மடியில் வைத்துவிட்டாள்.

ஒன்றரை வயசு இருக்கும். என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டது. மச்சான் ஒவ்வொரு வளைவிலும் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தார். ஒவ்வொரு ஒடிப்புக்கும் ஜன்னலுக்கு வெளியே தரை காணாமல் போனது. நான் குழந்தையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தேன். கண்ணில் தண்ணீர் நிற்காமல் வந்தது. காற்று என்று நினைத்திருப்பார்கள்.

சோளக்காட்டில் கூட்டம் இறங்கிய பிறகு மச்சான் பக்கத்தில் போய் நின்றேன். நான் பேசியதையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள், இனிமேல் என்மேல் எழுத யோசிக்கவே யோசிக்காதீர்கள் என்றேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"யோசிச்சனுங்க மாப்பிள்ளை. நேத்து ராத்திரி எழுதாமயே பேனாவை மூடிட்டுக் கெளம்பிட்டனுங்க. சைக்கிளைக்கூட எடுத்துட்டனுங்க. அப்பறந்தான் திரும்பி வந்தேன்."

சைக்கிள் நிறுத்தும் கொட்டகையிலிருந்து சீட்டுப் பெட்டிக்கு முப்பது அடி இருக்கும். அந்த முப்பது அடியைத் தங்கச்சி வீட்டுக்காரனுக்கு எதிராக அந்த மனுஷன் திரும்பி நடந்திருக்கிறார். நான் எழுதிய புரோகிராமைப் பார்க்க வந்தவர்களிடம் எத்தனையோ அளந்திருக்கிறேன். அன்றைக்குப் பிறகு, ஏழாம் நம்பர் வண்டி டிரைவர் யார் தெரியுமா, எங்க மச்சான் என்றுதான் முதலில் சொல்வேன்.