டெய்லர் தைத்த திரைச்சீலை

மலாக்காவில் கோடை என்று தனியாக ஒன்று கிடையாது. வெயில் உண்டு, மழை உண்டு, இரண்டும் ஒரே பிற்பகலில் வந்து போவதும் உண்டு. ஆனால் அந்த வருடம் என் அப்பா எங்கள் வீட்டுக்குள் கோடையைக் கொண்டுவந்தார். ‘சம்மர்’ என்றே சொல்வார். “இந்த சம்மர்ல வீட்ட ஒரு ஒழுங்குக்குக் கொண்டாந்துறணும்” என்று சாப்பிடும்போது சொல்வார். அலுவலகத்து வெள்ளைக்காரத் துரையிடமிருந்து ஒட்டிக்கொண்ட சொல் அது. துரைக்காவது அவர் ஊரில் பனி பெய்யும், பனி விலகினால் சம்மர் வரும். காஜா பெராங்கில் எங்கள் பலகை வீட்டுத் தகரக் கூரை பன்னிரண்டு மாதமும் ஒரே மாதிரிதான் கொதித்தது.

அப்பா ஓர் அரசாங்க அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. ஆகஸ்டில் மெர்டேக்கா வரப்போகிறது, துரை கப்பலேறப் போகிறார் என்று பேச்சு. துரை போனால் அவர் இடத்துக்குப் பெரிய கிராணி போவார், பெரிய கிராணியின் நாற்காலி காலியாகும். அந்த நாற்காலி அப்பாவுக்கு வேண்டும். நாடு சுதந்திரத்துக்குக் காத்துக்கொண்டிருந்தது, இவர் ஒரு நாற்காலிக்குக் காத்துக்கொண்டிருந்தார். போவதற்கு முன் துரைசானி அலுவலகத்து ஆட்களின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகத் தேநீருக்குப் போகிறாள் என்றும், வீட்டுக்குத் திரும்பியதும் துரையிடம் எல்லாவற்றையும் சொல்கிறாள் என்றும் யாரோ அப்பாவிடம் ஊதிவிட்டார்கள். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். எங்கள் அப்பா வாழ்வு வருவதற்கு முன்பே குடையை விரித்துவிட்டார்.

முதல் அடி தோட்டத்துக்கு விழுந்தது. வீட்டு முன்னால்தான் வெயில் நன்றாக விழும் என்பதால் அம்மா அங்கேதான் காய்கறி போட்டிருந்தாள். வெண்டை, கத்தரி, மிளகாய், வேலியோரம் பசலை. நாங்கள் பசாருக்குப் போய்க் காய் வாங்கியதே குறைவு. அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு அத்தனையையும் பிடுங்கினார். பூ விட்டிருந்த வெண்டைச் செடிகளைக்கூட விடவில்லை. “தொரசானி வந்து எறங்குனதும் மொதல்ல கத்திரிக்காயவா பாக்கணும்?” என்றார். அம்மா பிடுங்கிப் போட்ட செடிகளிலிருந்து பிஞ்சுகளைப் பறித்து மடியில் கட்டிக்கொண்டு உள்ளே போனாள். அன்று மாலை எங்களுக்குப் பிஞ்சுக் கத்தரிக்காய்க் குழம்பு. அப்பா இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

காய்கறி இருந்த இடத்தில் புல் வந்தது. எங்கிருந்தோ சதுரம் சதுரமாக வெட்டிக்கொண்டு வந்து பதித்தார். புல்லைச் சுற்றிலும் பூப்பாத்தி. துரை வேண்டாம் என்று ஒதுக்கிய சீமைப் பூ விதைகள் ஆறு பொட்டலம் அப்பாவுக்குக் கிடைத்திருந்தன. விதையைத் தூவிவிட்டு, வெறும் பொட்டலங்களைக் குச்சியில் குத்தி வரிசையாக நட்டார். பொட்டலத்தின் மேல் சிவப்பும் ஊதாவுமாகப் பூப்படம். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. பள்ளிவிட்டு வந்ததும் குழாயடியிலிருந்து தண்ணீர் தூக்கி ஊற்றுவது என் வேலை. ஒரு விதைகூட முளைக்கவில்லை. ஒரு மாதம் முழுக்க நான் தண்ணீர் ஊற்றியது காகிதப் பூக்களுக்குத்தான்.

பக்கத்து வீட்டில் மலாக்காச் செட்டி அம்மாள் ஒருத்தி இருந்தாள். சாரோங் கெபாயா உடுத்தி நெற்றி நிறையத் திருநீறு பூசியிருப்பாள். பேச்செல்லாம் மலாய்தான். “தமிழே தெரியாத தமிழருங்க” என்று அப்பா அவர்களை எப்போதும் மட்டமாகப் பேசுவார். தாம் சம்மர் சம்மர் என்று பிதற்றுவது அவர் காதில் விழாது போலிருக்கிறது. அந்த அம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று புல்லைப் பார்த்தாள், பொட்டலங்களைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்து, “இனி ரும்புட், சியாப்பா மாவ் மாக்கான்?” என்று கேட்டாள். இந்தப் புல்லை யார் தின்பது என்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பா தாழ்வாரத்தில் நின்றதால் அடக்கிக்கொண்டேன்.

அடுத்தது துணி. ஜாலான் பெண்டஹாராவில் ஒரு துணிக்கடையில் யாரும் சீண்டாமல் வருடக்கணக்காகக் கிடந்த ஒரு முழுச் சுருள் துணியைக் கடைக்காரர் அப்பாவின் தலையில் கட்டிவிட்டார். மஞ்சள் துணி. அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஊதாப் பூக்கள். அப்பா அதைத் தோளில் சுமந்துகொண்டு வந்து அம்மாவின் தையல் மெஷின் மேல் போட்டார். ஜன்னலுக்கெல்லாம் திரைச்சீலை, அதுவும் மேலே கொசுவம் வைத்து. நாற்காலித் திண்டுக்கு உறை. மேசைக்கு விரிப்பு. ரேடியோவுக்கு மூடி. “தொரை வூட்ல எல்லாத்துக்கும் உறை போட்டிருக்கு” என்றார். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதைதான். ஆனால் இங்கே சூடு வாங்கியது அம்மா.

அம்மா நன்றாகத் தைப்பாள். வெறும் பாசத்தில் சொல்லவில்லை. அளவு நாடா இல்லாமல் கண்ணாலேயே அளந்து வெட்டுவாள், வெட்டியது தப்பாது. பகல் சமையல் முடிந்து, பாத்திரம் கழுவி, ஐந்து வயதுத் தங்கையைப் பாயில் போட்டுவிட்டு மெஷினில் உட்கார்வாள். தகரக் கூரைக்குக் கீழே அந்த நேரம் உட்கார்ந்திருப்பதே தண்டனை. வியர்வை துணியில் விழுந்து கறையாகக் கூடாது என்று கழுத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொள்வாள். கால் மிதித்துக்கொண்டேயிருக்கும். இரண்டு மாதம் இப்படிப் போனது. திரைச்சீலைகளில் ஊதாப் பூக்கள் ஒரு தையலிலும் பாதியில் வெட்டுப்படாமல் இந்தப் பக்கத்துப் பூ அந்தப் பக்கத்துப் பூவோடு சேரும்படி தைத்திருந்தாள். அந்த அசிங்கமான துணிக்கு அவ்வளவு மரியாதை தேவையில்லை. அம்மாவுக்கு அரைகுறையாகத் தைக்கத் தெரியாது, அவ்வளவுதான்.

அப்படியும் துணி மிஞ்சியது. மிஞ்சியதில் எனக்கும் தங்கைக்கும் கவுன். நான் திரைச்சீலைக்கு முன்னால் போய் நின்றால் தலை மட்டும்தான் தெரியும். அப்பாவே அதைப் பார்த்துத் திகைத்துப்போய், “தொரசானி வர்ற அன்னிக்கு ஜன்னல் பக்கம் நிக்காதீங்க” என்று எங்களுக்கு உத்தரவு போட்டார்.

துரைசானி வந்தாள். ஒல்லியான, முகமெல்லாம் வெயிலில் சிவந்துபோன பெண். பொட்டலங்களைத் தாண்டி, புல்லைத் தாண்டி, எதையும் பார்க்காமல் நேரே உள்ளே வந்து உட்கார்ந்தாள். அப்பா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். நான் ஜன்னலிலிருந்து எட்டி நின்றேன். அவளோ என் கவுனைப் பார்த்தாள், திண்டைப் பார்த்தாள், திரைச்சீலையைப் பார்த்தாள், வாய்விட்டுச் சிரித்தாள். கேலிச் சிரிப்பில்லை. எழுந்துபோய்த் திரைச்சீலையைக் கையில் எடுத்து, ஓரத்தைத் திருப்பி, தையலை விரலால் தடவிப் பார்த்தாள். பூவோடு பூ சேர்ந்திருப்பதைக் கவனித்த முதல் ஆள் அவள்தான். இவ்வளவு சுத்தமான வேலையை யார் செய்தது என்று இங்கிலீஷில் கேட்டாள்.

அம்மா அப்போதுதான் தேநீர்த் தட்டோடு அடுப்படியிலிருந்து வந்து நிலைப்படியில் நின்றாள்.

அப்பா சொன்னார், டவுனில் எங்களுக்கென்று ஒரு டெய்லர் இருக்கிறார், எல்லாம் அவரிடம்தான் கொடுப்போம் என்று. இங்கிலீஷில்தான் சொன்னார். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் டெய்லர் என்ற சொல் தெரியாத தமிழர் மலாக்காவில் யார்?

ஏன் சொன்னார் என்று எனக்கு அப்போதே தெரியும். பெண்டாட்டி தைக்கிறாள் என்றால் டெய்லருக்குக் கொடுக்க வக்கில்லாத வீடு என்று ஆகிவிடுமாம். வக்கில்லாதவர் பெரிய கிராணி நாற்காலியில் உட்காரலாமா?

துரைசானி என் பக்கம் திரும்பினாள். நான் இங்கிலீஷ் பள்ளிக்குப் போகிறவள் என்று அப்பா முன்பே பீற்றியிருந்தார். உன் கவுனும் அந்த டெய்லர் தைத்ததுதானா என்று என்னைக் கேட்டாள். அப்பா என்னைப் பார்த்தார். அம்மாவும் பார்த்தாள். “யெஸ், மேடம்” என்றேன்.

அப்பாவுக்குப் பயந்து சொன்னேன் என்று பிற்பாடு பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். என் பள்ளியில் வீட்டில் தைத்த சீருடைக்கும் கடையில் தைத்த சீருடைக்கும் வித்தியாசம் பார்க்கிற பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களிடம் நானும் இதே டெய்லரைப் பற்றித்தான் அளந்துகொண்டிருந்தேன். அப்பாவைக் கரித்துக் கொட்டுகிறேனே, நான் அவர் பெற்ற பெண்தான்.

துரைசானி பெருமூச்சு விட்டாள். தன் உடுப்புகளைத் தானே தைத்துக்கொள்வாளாம், அவள் தாய் கற்றுக்கொடுத்ததாம். தையல் மெஷினைக் கப்பலுக்கு அனுப்பப் பெட்டியில் அடைத்துவிட்டார்களாம். பயணத்துக்கு இரண்டு கவுன் வேண்டும், உங்கள் டெய்லரிடம் கொடுத்து வாங்கித் தர முடியுமா என்று கேட்டாள். அப்பாவின் முகம் போன போக்கை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குத் திருப்தியாக இருக்கிறது. துரைசானியே மெஷினில் உட்கார்கிறவள்! உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து பேசியிருப்பாள், நாற்காலியும் கிடைத்திருக்குமோ என்னவோ. அம்மா தட்டை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து அப்பா ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தார். உள்ளே துரைசானியின் துணியும் ஓர் அளவுக் கவுனும். அதை மெஷின் மேல் வைத்துவிட்டு, என்றுமில்லாத குழைவோடு நின்றார்.

“இந்தாம்மா, இத மட்டும் தச்சுக் குடுத்துரு. இதுலதான் எல்லாம் இருக்கு.”

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. “டெய்லரு கடைய மூடிட்டாராம்னு சொல்லுங்க” என்றாள்.

“வெளையாடாத. எனக்கு வேலை ஒசர்ற நேரம்லா இது.”

“உங்களுக்குத்தான் டவுன்ல ஆளு இருக்காரே. அவருகிட்டயே குடுங்க. எனக்கு என்னா தைக்கத் தெரியும்?”

அப்பா கெஞ்சினார், பிறகு கத்தினார். அம்மா கீரைத் தண்டை ஒடித்துக்கொண்டேயிருந்தாள். கடைசியில் அவர் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு போய் டவுனில் நிஜமான ஒரு டெய்லரிடம் கொடுத்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்கு ஒரு டெய்லர் கிடைத்தார். கவுன்களும் தைத்து வந்தன, துரைசானியும் அவற்றை வாங்கிக்கொண்டு கப்பலேறினாள். மறுநாள் காலையிலேயே அம்மா மண்வெட்டியை எடுத்துப் புல்லின் நடுவில் இறக்கிவிட்டாள். அப்பா தாழ்வாரத்தில் நின்று பார்த்தார். குச்சியிலிருந்த பூப்படங்களை அம்மா அடுப்பில் போட்டாள்.

நாற்காலிக்கு வெளியூரிலிருந்து ஒருவர் வந்தார். அவர் எங்கள் வீட்டுப் பக்கம் தலை வைத்துக்கூடப் படுக்கவில்லை. மெர்டேக்கா அன்று ஊர் முழுக்கக் கொடி. எங்கள் ஜன்னல்களில் மஞ்சளும் ஊதாவும்.

அம்மா தையலை விட்டுவிடவில்லை. தங்கைக்குத் தைத்தாள், அக்கம்பக்கத்துக்குத் தைத்தாள், செட்டி அம்மாளுக்குக் கெபாயாகூடத் தைத்துக் கொடுத்தாள். அப்பாவின் சட்டைக்கு மட்டும் அதன் பிறகு ஒரு பொத்தான்கூட வைக்கவில்லை. அவர் சட்டையைக் கொண்டுபோய் நீட்டினால், “டெய்லருகிட்ட குடுங்க” என்பாள். கோபமே இல்லாமல் சொல்வாள். அப்பா சாகும்வரை தன் பொத்தான்களைத் தானே தைத்துக்கொண்டார், எல்லாம் கோணல் கோணலாக. நான் அதைப் பார்த்து உள்ளுக்குள் சிரிப்பேன். அவருக்கு வேண்டும் என்று நினைப்பேன். என் சீருடைகளும் அந்த ஆகஸ்டிலிருந்து கடையில்தான் தைக்கப்பட்டன. அதை ஒரு பெருமையாக எடுத்துக்கொண்டேன், அவ்வளவு புத்திசாலி நான்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானதும் கூறைப்புடவையின் ரவிக்கைத் துணியை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனேன். அவள் மெஷினில்தான் உட்கார்ந்திருந்தாள். துணியைக் கையில் வாங்கி, ஜரிகையைத் தடவிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றாள். பிறகு மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

“டவுன்ல நல்ல டெய்லரு இருக்காராம்ல. அப்பாவ அழச்சிக்கிட்டுப் போ.”

நான் அழுதேன். அம்மா என் தலையைக்கூடத் தடவிக் கொடுத்தாள், ஆனால் துணியை வாங்கவில்லை. மணவறையில் அந்த ரவிக்கை கக்கத்தில் பிடித்துக்கொண்டேயிருந்தது.

ஏழெட்டு வருடம் கழித்துத் தங்கைக்குக் கல்யாணம் வந்தபோது ரவிக்கையை அம்மாவே தைத்தாள். கண் மங்கியிருந்தும் மூன்று நாள் உட்கார்ந்து, கழுத்தில் மணி கோத்துத் தைத்தாள். துரைசானி வந்த அன்று தங்கையும் அந்த மஞ்சள் கவுனில்தான் நின்றிருந்தாள். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. என்னைக் கேட்டார்கள்.