நாலாவது மீட்டர் காட்டிய சூடு

சோலைமலை அண்ணன் இறந்துவிட்டார். இன்று காலை, ஆனையூர் வீட்டில். மாரடைப்பு.

வாடிப்பட்டி பக்கம் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் ஒன்றாக வேலை பார்த்தோம். அவர் எக்ஸ்ட்ரூடர் ஆபரேட்டர். நான் தரப் பிரிவு... அதாவது, அவர் வேலை செய்வார், நான் அதைப் பற்றி எழுதுவேன்.

சில மருந்துகள் தண்ணீரில் கரையாது. விழுங்கினால் அப்படியே வெளியேறிவிடும். அதைக் கெடுதலில்லாத ஒரு பாலிமரோடு சேர்த்து, சூடான குழாய்க்குள் இரண்டு திருகுகளால் பிசைந்து உருக்கி, முறுக்குப் பிழிவது போல வெளியே தள்ளினால் கரையும். அந்த மெஷின்தான் எக்ஸ்ட்ரூடர். குழாய் நெடுக ஆறு ஹீட்டர், ஆறு மீட்டர். சூடு குறைந்தால் உருகாது, கூடினால் மருந்து கருகும்.

சரியாக வந்தால் கண்ணாடி மாதிரி இருக்கும். ஒருநாள் பழுப்பாக வந்தது.

"நாலாவது மீட்டர் பொய் சொல்லுது சார்," என்றார். "இம்புட்டுச் சூடு நான் வைக்கல. கிட்டப் போனாலே மூஞ்சியில அடிக்குது."

மூஞ்சியில் அடிக்கும் சூட்டை எழுத எங்கள் படிவத்தில் கட்டம் கிடையாது. மீட்டரில், சரிபார்த்தாயிற்று என்று சொல்லும் கேலிப்ரேஷன் ஸ்டிக்கர் இருந்தது. ஸ்டிக்கரில் தேதி இருந்தது. ஆகவே மீட்டர் சரி.

"காரணம்: ஆபரேட்டர் தவறு. தீர்வு: மறுபயிற்சி" என்று எழுதினேன். மெஷின் மேல் குற்றம் சொன்னால் ஃபைலை மூட மாதக்கணக்கில் ஆகும். மனிதன் மேல் சொன்னால் அன்று மாலையே மூடிவிடலாம்.

மறுபயிற்சி முடிவில் பரீட்சை உண்டு. அண்ணன் நூற்றுக்கு நூறு. அடுத்த மாதம் மறுபடி பழுப்பு, மறுபடி பயிற்சி, மறுபடி நூறு. இவ்வளவு நன்றாகப் படிக்கிறவர் எப்படி இப்படித் தவறு செய்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான்.

"பயிற்சி குடுக்க வந்த புள்ள கேக்குது, மீட்டர் பாக்கத் தெரியுமா அங்கிள்னு," என்று கேன்டீனில் சிரித்தார். "எனக்குத் தெரியும்மா, அதுக்குத்தான் என்னையப் பாக்கத் தெரியலன்னேன்."

மூன்றாவது முறை அவரைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். கொஞ்ச நாளில் அவரே வேலையை விட்டு நின்றுவிட்டார்.

புது ஆபரேட்டருக்கும் பழுப்பாகத்தான் வந்தது. அப்போதுதான் நாலாவது மீட்டரின் சென்சாரைக் கழற்றிச் சோதித்தார்கள். உண்மைச் சூட்டைவிடப் பன்னிரண்டு டிகிரி குறைத்துக் காட்டியிருக்கிறது. அதை நம்பி ஹீட்டர் அவ்வளவும் கூடுதலாகச் சூடேற்றியிருக்கிறது. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

மூடிய ஃபைலைத் திறக்கும் வழக்கம் இல்லை... திறந்தால் உள்ளே என் கையெழுத்து.

போன பொங்கலுக்கு முன்னால் வாடிப்பட்டி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். தொழிற்சாலைக்கு வெளியே நான் அவருக்கு சார் இல்லை.

"தம்பி, அந்த நாலாவது மீட்டர் என்னாச்சு?"

"தெரியலண்ணே. நான் இப்ப வேற டிபார்ட்மென்ட்."

"இல்ல... வீட்டுல அம்புட்டுப் பேரும் நாந்தான் மருந்தக் கருக்கிட்டேன்னு நெனைக்கிறாய்ங்க. யோசிச்சு யோசிச்சு இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. கை தவறி வச்சுட்டேனோ என்னமோ."

பஸ் வந்துவிட்டது என்று சொல்லி ஏறிவிட்டேன். அது நான் போக வேண்டிய பஸ் இல்லை.

மாலை நான்கு மணிக்கு எடுக்கிறார்கள். அவர் மகள் ஃபேஸ்புக்கில் என் நண்பர்கள் பட்டியலில் இருக்கிறாள். இதைப் படிக்கட்டும்.

மீட்டர்தாண்ணே. நீங்க வச்ச சூடு சரி.