ட்ரோனில் வந்த அயலை: தேங்காய்ப்பட்டணத்தில் ஒரு காலைப்பொழுது

மதுரையில் நான் வேலை பார்க்கும் கூரியர் கம்பெனியில் கொஞ்ச நாளாக ஒரே பேச்சு: நாமும் ட்ரோனில் பார்சல் அனுப்பினால் என்ன? படம் போட்டுப் பேசியவர்கள் பலர். பறக்கவிட்டுப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. என் கல்லூரித் தோழி பெனிட்டா தேங்காய்ப்பட்டணத்தில் அதையே தொழிலாகத் தொடங்கியிருந்தாள். ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, அவளுடைய முதல் சோதனை ஓட்டத்தைப் பார்க்கக் கிளம்பினேன்.

முந்தின நாள் இரவே நாகர்கோவில் வந்து தங்கிவிட்டேன். காலை ஆறேமுக்காலுக்குப் பேருந்து. முப்பத்தைந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட இருக்கும், ஒன்றரை மணி நேரம் பிடித்தது. வளைவுகள் அதிகம்; காலையில் வயிறு முட்டச் சாப்பிடாமல் ஏறுவது நல்லது. துறைமுகம் பக்கம் நிற்குமா என்று கண்டக்டரிடம் கேட்டேன்.

"நிக்கும். மீன் வாங்கவா?"

"இல்லை, ட்ரோன் பார்க்க."

"யாருக்க கல்யாணம்?" என்றார் அவர்.

ட்ரோன் என்றால் இந்தப் பக்கத்தில் கல்யாண வீடியோதான். அது பொருளும் சுமக்கும் என்று நம்ப வைப்பதுதான் பெனிட்டாவின் முதல் தடை என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

பெனிட்டா துபாயில் ஒரு கிடங்கில் ஆறு வருடம் பார்சல் பிரித்தவள். சேமிப்பையெல்லாம் இரண்டு ட்ரோன்களிலும் அவற்றை ஓட்டும் பயிற்சியிலும் போட்டுவிட்டு ஊர் திரும்பியிருந்தாள். பழைய கம்பெனி மறுபடி கூப்பிட்டிருந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். போனால் நான்கு வயது மகளைக் கணவன் ஷாஜியிடம் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அதனால் அன்று காலை துறைமுகத்தில் அவள் சாயாவைக்கூடக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

சோதனை ரசாலம் என்ற மீன் வியாபாரிக்காக. போனில் ஆர்டர் வாங்கி, ஆட்டோவில் வீடுகளுக்கு மீன் அனுப்புகிறவர். ட்ரோன் சரிப்பட்டால் மாத ஒப்பந்தம் தருவதாகச் சொல்லியிருந்தார். அவர் அந்த இயந்திரத்தைச் சுற்றி வந்து, ஏலத்துக்கு வந்த மீனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"இது எத்தன கிலோ தூக்கும் மக்கா?"

"ரெண்டு கிலோ மாமா."

"அப்பம் நாலு கிலோ நெய்மீன் கேட்டா? மொதல்ல தலையும் பொறவு வாலுமா போவும்?"

வாடிக்கையாளர் ஸ்டெல்லா டீச்சர், பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீடு துறைமுகத்திலிருந்து வானவழியில் எண்ணூறு மீட்டர். இடையில் கால்வாயும் தென்னந்தோப்பும் இருப்பதால் ரோட்டில் மூன்று கிலோமீட்டர். ட்ரோன் கண் பார்வைக்குள்தான் பறக்க வேண்டும் என்பது விதி. அதனால் பெனிட்டா ஒரு மூன்று மாடி வீட்டின் மொட்டை மாடியில் ரிமோட்டோடு நின்றாள். இறங்குகிற இடத்தில் ஆள் வேண்டும் என்று ஷாஜி ஸ்கூட்டரில் கிளம்பினார். பின்னால் நான்.

ஆக, ஒரு கிலோ அயலை மீனைக் கொண்டுபோக ஒரு ட்ரோன், ஒரு மொட்டை மாடி, ஒரு ஸ்கூட்டர், மூன்று ஆள். கூரியர்க்காரியான நான் அப்போதே மனதில் செலவுக் கணக்குப் போடத் தொடங்கினேன்.

முதல் வளைவிலேயே ஒரு பேருந்து பின்னால் எடுத்துக்கொண்டிருந்தது, நின்றோம். ஷாஜியின் சட்டைப் பையில் இருந்த போனில் பெனிட்டாவின் குரல் வந்தது.

"பொறத்தால பருந்து வருது. மூணு."

நிமிர்ந்து பார்த்தேன். முன்னால் ட்ரோன், பின்னால் மூன்று பருந்துகள், ஊர்வலம்போல. மீனை இரண்டு பைக்குள் வைத்துக் கட்டியிருந்தும் அவற்றுக்குத் தெரிந்திருக்கிறது. பெனிட்டா ட்ரோனை மேலே ஏற்றினாள். பருந்துகளும் ஏறின. ட்ரோனுக்கு விதிப்படி உயர வரம்பு உண்டு, அவற்றுக்கு எதுவும் கிடையாது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பருந்துகள் விலகிப் போயிருந்தன, ட்ரோன் மேலே காத்து நின்றது; டீச்சர் குடை பிடித்துக்கொண்டு முற்றத்தில் நின்றார். வெயிலுக்கில்லை, மீன் தலையில் விழுந்துவிடாமலிருக்க. முற்றம் சின்னது. பெனிட்டா இடம் பார்த்துவிட்டுப் போன பிறகு குறுக்கே புதிதாக ஒரு துணிக்கொடி வேறு முளைத்திருந்தது. ட்ரோன் கொடியைத் தவிர்த்து நகர்ந்து, கயிற்றில் பையை இறக்கியது. பை நேராக முருங்கை மரத்தில் போய் மாட்டிக்கொண்டது. கயிறு சிக்கினால் தானே அறுத்துக்கொண்டு திரும்பிப் போகும்படி அதற்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அது சொன்னபடி கேட்டது.

ஷாஜி தொரட்டி வாங்கிப் பையை இறக்கினார். டீச்சர் செவுளைப் பிரித்துப் பார்த்துத் திருப்தியானார்.

"மீன் கொள்ளாம். எம்பிடு?"

"இருநூத்தி எண்பது டீச்சர்."

"இருநூத்தி அம்பதுக்குத் தரச் சொல்லு."

"அது பறந்து போயிட்டே டீச்சர்."

"போயிட்டா? பின்ன நான் யாருட்ட வெல பேசுகது?" என்றவர், "செரி, வெட்டியாவது தருமா?" என்றார்.

ஷாஜி உட்கார்ந்து வெட்டிக் கழுவிக் கொடுத்தார். நாங்கள் துறைமுகம் திரும்ப ஒரு மணி நேரம் ஆகிவிட்டது.

ரசாலம் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "மக்கா, நீ பறத்துகது நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்க ஆட்டோ ஒரே ஓட்டத்துல பதினஞ்சு வீடு ஏறி எறங்கும். வெல பேசும், மீனும் வெட்டும்" என்றார். பெனிட்டா ட்ரோனின் கைகளை மடக்கத் தொடங்கினாள்.

அப்போதுதான் ரசாலத்துக்குப் போன் வந்தது. அவருக்குப் பங்கு உள்ள மீன்பிடி வள்ளம் ஒன்று துறைமுக வாயிலுக்கு வெளியே எஞ்சின் நின்று நங்கூரம் போட்டுக் கிடந்தது. எஞ்சினின் ஸ்பார்க் பிளக் போய்விட்டது, மாற்றுப் பிளக் கையில் இல்லை. இழுத்து வர இன்னொரு வள்ளம் வருவதற்குள் ஏலம் முடிந்துவிடும். ரசாலம் தலையில் கை வைத்தார்.

"ஒரு பிளக்கு எத்தன கிராம் மாமா இருக்கும்?" என்று கேட்டாள் பெனிட்டா.

அவள் வாங்கியிருந்த அனுமதியில் கரையை ஒட்டிய கடலும் அடங்கும். காற்றின் வேகத்தை இரண்டு முறை பார்த்தாள். மெக்கானிக் கடையிலிருந்து ஷாஜி பிளக் வாங்கி வந்தார். அடுத்த மூன்று நிமிடத்தில் ட்ரோன் வள்ளத்தின் மேல் நின்றது. அங்கே மரமில்லை, துணிக்கொடி இல்லை. வள்ளம்தான் ஆடிக்கொண்டிருந்தது. முன்பக்கம், அணியத்தில் நின்றவர் இரண்டாவது முயற்சியில் கயிற்றைப் பிடித்தார். பிளக்கை அவிழ்த்துக்கொண்டார்கள். கயிற்றை மேலே இழுத்தபோது ட்ரோன் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நன்றிக்கடனாக அவர்கள் ஒரு பை நிறையக் கணவா மீன் கட்டி அனுப்பியிருந்தார்கள்.

"அண்ணா, அத அவுருங்க. மெஷின் கடல்ல விழும்" என்று பெனிட்டா போனில் கெஞ்சினாள். அவிழ்த்தார்கள், மனமில்லாமல்.

எஞ்சின் பிடித்தது. வள்ளம் ஏலத்துக்கு வந்து சேர்ந்தது. ரசாலத்தின் முகம் தெளிந்தது, ஆனால் வியாபாரி வியாபாரிதான். "வள்ளம் தெனமும் கேடாவுமா? அத நம்பி எப்படிப் பிழைப்ப?"

பெனிட்டா துறைமுக வாயிலைக் காட்டினாள். உள்ளே இடமில்லாமல், மீன் இறக்க முறைக்குக் காத்து ஏழெட்டு வள்ளங்கள் வெளியே கிடந்தன. இரவெல்லாம் கடலில் இருந்த ஆட்கள்.

"அவியளுக்குப் பசிக்காதா மாமா?"

ரசாலம் அந்த வள்ளங்களை எண்ணிப் பார்த்தார். பிறகு போனை எடுத்து வள்ளக்காரர்களின் எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். திங்கட்கிழமை பெனிட்டா துபாய்க்கு முடியாது என்று சொல்லிவிட்டாள்.

பார்க்கப் போகிறவர்களுக்கு: காலை ஒன்பது மணிக்குள் துறைமுகத்தில் இருங்கள், பிறகு காற்று ஏறிவிடும். மழைக்காலத்தில் போகாதீர்கள். ஏலம் நடக்கும் இடத்தில் குறுக்கே நிற்காதீர்கள். நல்ல செருப்பு வேண்டாம். இதே தொழிலை நினைக்கிறவர்களுக்கு: ரோடு நன்றாக இருக்கும் இடத்தில் ஆட்டோவோடு மோதாதீர்கள். ரோடே இல்லாத இடத்தில் யார் பசியோடு இருக்கிறார்கள் என்று பாருங்கள். லாபம் வருமா என்று என்னைக் கேட்டால் தெரியாது. பேட்டரிச் செலவு அவளை இன்னும் பயமுறுத்திக்கொண்டுதான் இருக்கிறது.

போன வாரம் பெனிட்டா கூப்பிட்டாள். பரோட்டாவும் சாயாவும் கடலுக்குப் போய்க்கொண்டிருக்கின்றனவாம். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். என்ன விஷயம் என்றேன்.

"ஏட்டி, இன்னைக்கு ஒரு வள்ளத்துக்காரன் கூப்பிட்டு ஏசுனான். சாயாக்கு சீனி போதாதாம். நாளைக்கும் இப்படித்தான் வருமான்னு கேட்டான்."

"நீ என்ன சொன்ன?"

"நாளைக்கும் வரும்னு சொன்னேன்."