தேநீருக்குக் கரையேறிய அரை மணி

முப்பத்தாறு வயதாகியும் கல்கத்தா படகுப் பந்தயத்துக்குப் போகும் அணியில் மர்சலினுக்கு ஓர் இடம் கிடைக்கவில்லை. சாந்தோமில் கணக்கு வாத்தியார். விடிந்ததும் சைக்கிளை மிதித்து அடையாற்றங்கரைப் படகு கிளப்புக்குப் போய்த் துடுப்புப் போடுவார். பள்ளி மணி அடிக்கும்போது ஈரத் தலையோடு வகுப்பில் நிற்பார். பதினைந்து வருஷமாக இதே கூத்து. வருஷா வருஷம் கல்கத்தா பந்தயத்துக்கு நாலு பேரைப் பொறுக்குவார்கள். மர்சலின் எப்போதும் ஐந்தாவது ஆள். யாருக்காவது காய்ச்சல் வந்தால் கூப்பிடுகிறோம் என்பார்கள். அந்தப் பாவிகளுக்கு ஒரு தும்மல்கூட வந்ததில்லை.

பொறுக்குகிற லட்சணம்தான் என்ன! கிளப் கேப்டனுக்கு எவனைப் பிடிக்கிறதோ அவன் படகில். தோள் அகலமா, அப்பா பெரிய ஆளா, காரில் வந்து இறங்குகிறானா, அவ்வளவுதான் பரீட்சை. சைக்கிளில் வருகிறவர் எவ்வளவு இழுத்தாலும் யார் கண்ணிலும் படாது.

எழுபத்து நாலில் ஆழ்வார்பேட்டை வக்கீல் நல்லசிவம் கேப்டனானார். மர்சலின் துணிந்து ஒரு காகிதத்தை அவரிடம் நீட்டினார். இரண்டு படகுகளைப் பக்கம் பக்கமாக ஓட்ட வேண்டும். பிறகு இதில் ஒருவரையும் அதில் ஒருவரையும் மட்டும் இடம் மாற்றி, உடனே மறுபடி ஓட்ட வேண்டும். மற்றதெல்லாம் அப்படியே இருக்கும்போது எவர் போன படகு முந்துகிறதோ அவரே நல்ல ஆள். முகத்தையும் பார்க்க வேண்டாம், அப்பனையும் விசாரிக்க வேண்டாம். நல்லசிவத்துக்கு அது பிடித்துப்போயிற்று.

மூன்று இடங்கள் இந்த முறையிலேயே நிரம்பின. நாலாவது இடத்துக்கு மர்சலினும் தி. நகர் ஜவுளிக்கடைக் குடும்பத்துக் கனகராஜும் மிஞ்சினார்கள். கனகராஜுக்கு இருபத்திரண்டு வயது. அவனுக்கு இன்னும் பத்துக் கல்கத்தா இருந்தது. மர்சலினுக்கு இதை விட்டால் கிடையாது.

சனிக்கிழமை காலை, கடல் பக்கமிருந்து பாலத்தை நோக்கி ஓட்டம். நடு ஆற்றுப் படகில் கனகராஜ், கரையோரப் படகில் மர்சலின். கரையோரப் படகு ஜெயித்தது. தண்ணீரிலேயே இடம் மாறியிருக்க வேண்டும். ஆனால் ஓட்டம் முடிந்தால் கரையேறி டீ குடிப்பது வெள்ளைக்காரன் காலத்திலிருந்து அந்த கிளப்பில் வழக்கம், யார் மாற்றுவது? அரை மணி போயிற்று. இரண்டாம் ஓட்டத்தில் மர்சலின் நடு ஆற்றுப் படகில், கனகராஜ் கரையோரத்தில். இப்போது நடு ஆற்றுப் படகு ஜெயித்தது. மர்சலின் உட்கார்ந்த படகே இரண்டு முறையும் முந்தியதால் எல்லாரும் கை குலுக்கினார்கள். வீட்டில் நோரா கேசரி கிண்டினாள்.

கேசரி அவருக்கு இறங்கவில்லை. இரண்டாம் ஓட்டம் தொடங்குமுன் ஓர் ஆகாயத்தாமரைக் கொத்து பாலத்தை நோக்கி மிதந்து போவதை அவர் பார்த்திருந்தார். முதல் ஓட்டத்தில் கடலுக்கு இறங்கிக்கொண்டிருந்த தண்ணீர், டீ குடித்த நேரத்தில் கடல் ஏற்றத்தோடு திரும்பி ஏற ஆரம்பித்துவிட்டது. நடு ஆற்றில்தான் இழுப்பு அதிகம். கனகராஜின் படகைப் பிடித்து இழுத்த அதே ஆறு, இவர் படகைத் தள்ளிவிட்டிருக்கிறது. பார்த்தும் வாயைத் திறக்கவில்லையே, மனுஷன்!

ஞாயிறு பூசையில் எல்லாரும் எழுந்தபோது உட்கார்ந்தார், உட்கார்ந்தபோது எழுந்தார். திங்களன்று கரும்பலகையில் போட்ட கணக்கையே இரண்டு முறை அழித்தார். வீட்டில் கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்த நடையில் நோராவுக்குத் தலை சுற்றியது. வேறு யாரும் பார்க்கவில்லை, பார்த்தாலும் புரியாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது புரிகிற ஒரே ஆள் தான்தான் என்பதுதான் உறுத்தியது.

புதன்கிழமை நல்லசிவத்திடம் கொட்டிவிட்டார். வக்கீல் சிரித்தார். "என்னய்யா இது, ஜெயிச்சவனே அப்பீல் போடறான்?"

கனகராஜோ விழித்தான். "சத்தியமா நான் கவனிக்கவே இல்ல, சார்" என்றான்.

சனிக்கிழமை, தண்ணீர் ஏறாமலும் இறங்காமலும் நின்ற நேரம் பார்த்து மறுபடி ஓட்டினார்கள். டீ கிடையாது, தண்ணீரிலேயே இடம் மாறினார்கள். மர்சலின் உயிரைக் கொடுத்து இழுத்தார். உண்மையைச் சொன்னதற்காகவாவது கடவுள் தன்னை ஜெயிக்க வைப்பார் என்று ஒரு நப்பாசை. கனகராஜ் உட்கார்ந்த படகே இரண்டு முறையும் முந்தியது.

கையெழுத்து அழகு என்று பட்டியலை அவரையே எழுதச் சொன்னார் நல்லசிவம். நாலாவது பெயரைப் பிசிறில்லாமல் எழுதினார்.

மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். நோரா எதிரே உட்கார்ந்தாள். "சொல்லாம இருந்திருக்கலாம்னு தோணுதா?"

தோணவில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தார்.

"தோணுது, நோரா. ரொம்பத் தோணுது."