இல்லை என்று சொன்ன நாள்

தம்பி வளைகுடா நாட்டுக்குப் போன மூன்றாவது வருடம், ஒரு காலையில் காவலர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். பரளச்சிப் பக்கம் அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. விதைத்த உளுந்தில் பாதிகூட முளைக்கவில்லை. காட்டில் வேலையில்லாமல் நான் வீட்டில்தான் இருந்தேன்.

தம்பி டிரைவர் வேலை என்று நம்பிப் போனவன். விசாவில் எழுதியிருந்ததோ வேறு வேலை. அரபியில் இருந்ததால் எங்களுக்குத் தெரியவில்லை. இறங்கியதும் முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு கல் சுமக்க அனுப்பிவிட்டார். காலில் கல் விழுந்து நடக்க முடியாமல் கிடந்தவனை மறுநாளே வேலைக்குக் கூப்பிட்டார்களாம். அங்கிருந்து வெளியேறி வேறொரு இடத்தில் சேர்ந்தான். அந்த நாட்டுச் சட்டப்படி, முதலாளியை விட்டுப் போனால் ஓடிப்போனவன் என்று அவர் எழுதிக் கொடுத்துவிடலாம். அதோடு விசா செல்லாது. அங்கே வேலையும் செய்ய முடியாது, ஊருக்கும் கிளம்ப முடியாது.

அவன் கடைசியாக அனுப்பிய குரல் செய்தி இன்னும் என் போனில் இருக்கிறது. "அண்ணே, என் மேல கேஸு குடுத்துட்டாய்ங்க. யாரு வந்து கேட்டாலும் ஒண்ணும் சொல்லிராதீக." அதன் பிறகு இரண்டு மாதம் பேச்சே இல்லை.

அந்த நிலையில்தான் காவலர் வந்தார். கையில் ஒரு தாள். தம்பியின் பெயரை அப்பா பெயரோடு சேர்த்து வாசித்தார்.

"இவரு இந்த வீடுதானா?"

"என்ன விசயம் சார்?"

"வெளிநாட்டுல இருந்து விசாரணை வந்திருக்கு. இந்த ஊரு ஆளா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க."

கேஸ் இங்கே வரைக்கும் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"அப்படி யாரும் இங்க இல்ல சார்."

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் பக்கத்து வீடுகளிலும் கேட்டார். எல்லாம் எங்கள் பங்காளி வீடுகள். நான் அவருக்குப் பின்னால் நின்று, சொல்லாதீர்கள் என்று தலையை ஆட்டினேன். அவர்களும் தெரியாது என்றார்கள். அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

உள்ளே அம்மா ஒரு கையும் காலும் விளங்காமல் படுக்கையில் இருந்தாள். "ஏன்யா, பெத்தவ உசுரோட கெடக்கேன். எம்புள்ளைய இல்லேன்னுட்டியே?"

"அவன் நல்லதுக்குத்தாம்மா."

அன்றைக்கு ஏதோ சாதித்துவிட்டதைப் போலத்தான் சாப்பிட்டேன்.

ஒரு மாதம் கழித்துப் புது நம்பரிலிருந்து தம்பி பேசினான். பிடித்து முகாமில் அடைத்திருந்தார்கள். யாரோ ஒருவருடைய போன். அவசர அவசரமாகப் பேசினான்.

"அண்ணே, தூதரகத்துல இருந்து வந்தவுக சொல்றாக, நம்ம ஊருல அப்படி ஒரு ஆளே இல்லையாம். போலீஸ் எழுதி அனுப்பிருச்சாம். என்கூடக் கெடந்த மூணு பேருக்கு அவுட்பாஸ் வந்து ஊருக்குப் போயிட்டாய்ங்க. யாருண்ணே அப்படிச் சொன்னது?"

"தெரியலையே தம்பி" என்றேன்.

அவுட்பாஸ் என்றால் என்ன என்று எனக்கு அப்போது தெரியாது. வீரசோழனில் ஒருவர் இருந்தார். இருபது வருடம் வளைகுடாவில் இருந்து திரும்பியவர், இந்த மாதிரி மனுக்கள் எழுதித் தருவார். அவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"அண்ணே, அது பிடிக்க வந்த விசாரணை இல்ல. பாஸ்போர்ட் இல்லாதவுகள ஊருக்கு அனுப்ப தூதரகம் ஒரு பேப்பர் குடுக்கும். அதுக்கு, நம்ம நாட்டு ஆளுதானான்னு சொந்த ஊர்ல கேப்பாக. நீங்க ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்நேரம் அவரு வீட்ல இருப்பாரு."

அவர்தான் மனுவை எழுதினார். ரேஷன் கார்டு, பள்ளிக்கூடத்துச் சான்றிதழ், கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்து எல்லாம் சேர்த்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன்.

"அன்னைக்கு இல்லேன்னு சொன்னது யாரு?" என்று கேட்டார் அதிகாரி.

"நான்தான் சார்."

அவர் திட்டியிருக்கலாம். தாள்களை மட்டும் வாங்கிக்கொண்டார்.

பிறகு திங்கட்கிழமைதோறும் அருப்புக்கோட்டையில் பஸ் மாறி விருதுநகர் கலெக்டர் ஆபீஸுக்குப் போனேன். மேலே அனுப்பியாச்சு என்பார்கள். சென்னை, டெல்லி, அங்கிருந்து கடலுக்கு அப்பால். இல்லை என்று நான் சொன்னது ஒரு மாதத்தில் போய்ச் சேர்ந்துவிட்டது. இருக்கிறான் என்பது போய்ச் சேர ஏழு மாதமானது.

ஐந்தாவது மாதம் அம்மா இறந்துபோனாள். எங்கள் வழக்கப்படி அப்பாவுக்கு மூத்தவன், அம்மாவுக்கு இளையவன் கொள்ளி வைக்க வேண்டும். சுடுகாட்டில் "சின்னவன் எங்கப்பா?" என்று ஒரு பெரியவர் விவரம் தெரியாமல் கேட்டார். நான் கொள்ளியை வாங்கிக்கொண்டேன். முகாமுக்குச் செய்தி போய்ச் சேரப் பன்னிரண்டு நாளானது.

மதுரை விமான நிலையத்திலிருந்து தம்பி ஒரு பிளாஸ்டிக் பையோடு வெளியே வந்தான். தாடி பாதி நரைத்திருந்தது. இனி அந்த நாட்டுக்குள் நுழையக் கூடாது என்று கைரேகை வாங்கி அனுப்பியிருந்தார்கள். காரில் வரும்போது, பங்காளி ஒருவர் பெயரைச் சொல்லி, அவர்தான் நிலத்தகராறை மனதில் வைத்து இல்லை என்று சொல்லியிருப்பார் என்றான். முகாமில் படுத்து யோசித்து அப்படித்தான் முடிவு செய்திருந்தான்.

"இல்லப்பா. நான்தான் சொன்னேன்."

கார் காரியாபட்டியைத் தாண்டியது. பிறகு கேட்டான். "அம்மாவுக்குத் தெரியுமா?"

"உள்ளதான் படுத்திருந்தாக. காதுல கேட்டுச்சு."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வீட்டுக்கு வந்து குளித்தான், என் மனைவி வைத்த சோற்றைச் சாப்பிட்டான், அம்மா படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றான். எட்டாம் நாள் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் மனைவியிடம் போனில் பேசுவான். நான் அதே அறையில்தான் இருப்பேன். போனை என்னிடம் கொடுக்கச் சொல்லி அவன் கேட்டதில்லை. கொடு என்று கேட்க எனக்கும் வாய் வருவதில்லை.